கோட்டுக்கு அப்பால் உள்ள சாலை



சென்ற ரமளானின் இருபத்து மூன்றாம் இரவு. தராவீஹ் முடிந்து, மகள்கள் இருவரும் உறங்கி, ஸஹருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கையில் எங்கள் தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்து அழைப்பில் நல்ல செய்தி வருவதில்லை. பேசியவர் திருவொற்றியூரைச் சேர்ந்த ஒரு தாய். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எம்மிடம் மக்தபில் ஓதிய மாணவனின் உம்மா. "உஸ்தாபி, துஆ செய்யுங்க" என்பதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை. மீதியை அருகிலிருந்த யாரோ சொன்னார்கள். தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து புறப்பட்ட பையன்கள் நால்வர் வீட்டிற்குச் செல்லாமல் எண்ணூர் விரைவுச் சாலைக்குச் சென்றிருக்கிறார்கள். இருவர் இருவராக வண்டிகளை ஓடவிட்டிருக்கிறார்கள். சாலையோரம் துறைமுகத்திற்குப் போக வரிசையில் நின்றிருந்த கண்டெய்னர் டிரெய்லர் ஒன்றின் பின்விளக்கு எரியவில்லை.

அல்லாஹ்வின் கருணையால் உயிர் தங்கியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. வயது பத்தொன்பது.

பெருநாள் கழிந்த பிறகு நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குச் சென்றோம். "அம்ம" ஜுஸ்உவை எம்முன் அமர்ந்து பிழையின்றி ஒப்பித்த அந்தப் பையன், எம்மைக் கண்டதும் போர்வையைக் காலின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். எம்மிடம் அவன் எதுவும் பேசவில்லை. எங்கள் கணவரைப் பார்த்துத்தான் சொன்னான்: "பாய், வண்டி நல்லாத்தான் போச்சு. நிறுத்தத்தான் இடம் இல்ல."

கணவர் பதில் சொல்லவில்லை. வழியெல்லாம் பேசவில்லை. வண்டிக்கு எரிபொருள் போட நின்ற இடத்தில் பணம் கொடுக்கவும் மறந்து நின்றார்கள். அதற்கான காரணத்தை அன்றிரவுதான் அறிந்தோம். அந்த வண்டியை வேகப்படுத்திக் கொடுத்தது அவர்களுடைய கை.

இதை எழுதுவதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேட்டோம். "எழுது, பேர் மட்டும் வேண்டாம்" என்றார்கள். ஆகவே பெயர்கள் இல்லை.

எங்கள் கணவர் ராயபுரத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறார்கள். காலையில் மீன் ஏற்றும் வண்டிகளுக்குச் சங்கிலி மாற்றுவது, மாலையில் அலுவலகம் செல்வோரின் ஸ்கூட்டர்களுக்கு ஆயில் மாற்றுவது என்று நடக்கும் எளிய பட்டறை. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு வேறு வாடிக்கையாளர்கள் வருவார்கள். மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும், சிலிண்டரில் போர்ட்டிங் செய்ய வேண்டும், பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைக்க வேண்டும், சைலன்சரின் உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். ஒரு வண்டிக்கு நான்காயிரம், ஐயாயிரம் கிடைக்கும். பையன்கள் பேரம் பேசுவதும் இல்லை. அந்த வருமானத்தில்தான் மூத்தவளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது என்பதை எமது பேரேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். "வண்டி வேலை" என்று அதில் எழுதியிருந்தது. நாமும் வண்டி வேலை என்றே படித்திருந்தோம்.

அந்த இரவில் இன்னொன்றும் வெளிவந்தது. திருமணத்திற்கு முன்பு, 1990-களின் பிற்பகுதியில், அதே எண்ணூர்ச் சாலையில் அவர்களும் ஓட்டியிருக்கிறார்கள். யமஹா ஆர்.எக்ஸ்.100. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இது எமக்குத் தெரியாது. பட்டறையின் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி ஒன்று இருப்பது தெரியும்; யாரோ பணம் கட்டாமல் விட்டுச் சென்றது என்றே நினைத்திருந்தோம். கோபம் வந்ததை மறைக்கவில்லை. கோபம் ஓட்டியதற்காக அன்று. வெள்ளிக்கிழமைதோறும் பையன்களுக்கு "மெதுவா போங்கடா" என்று அறிவுரை சொல்லிக்கொண்டு, இரவில் அதே பையன்களின் ஜெட்டை மாற்றிக்கொண்டிருந்ததற்காக.

"நான் செய்யலைன்னா அடுத்த தெருவுல செய்வான். அவன் பிரேக்கைக்கூடப் பார்க்க மாட்டான். நான் பார்த்துக் கொடுப்பேன்" என்றார்கள்.

இந்த வாதத்தைக் கேட்டிராத குடும்பம் நம்மில் இருக்காது. வட்டிக் கடையில் கணக்கு எழுதுகிறவரும் இதையே சொல்வார்.

எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த மூத்த ஆலிம் ஒருவரிடம் சென்றோம். அவர்கள் கடிந்து பேசவில்லை. நன்மைக்கும் இறையச்சத்திற்கும் துணை நில்லுங்கள், பாவத்திற்கும் வரம்பு மீறலுக்கும் துணை போகாதீர்கள் என்ற பொருளில் அல்மாயிதா அத்தியாயத்தில் வரும் கட்டளையை நினைவூட்டினார்கள். கத்தி விற்பது ஆகும். இன்னாரைக் குத்தப் போகிறேன் என்று சொல்லி வாங்குகிறவனுக்கு விற்பது ஆகாது என்று விளக்கினார்கள். பந்தயத்திற்கென்று வேலை செய்த வண்டிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். ஓராண்டில் பதினொன்று. ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய். அந்தத் தொகையை நன்மை எதிர்பாராமல் கொடுத்துவிடும்படி கூறினார்கள். அது அந்தப் பையனின் செயற்கைக் காலுக்குச் சென்றது. இளையவளின் காதணி ஒன்றும் உடன் சென்றது. அதற்கு மட்டும் நன்மையை எதிர்பார்க்கிறோம்.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம்.

வேகத்தைப் பற்றி எங்கள் பகுதிக்காரர்களிடம் பேசுவது எளிதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. அந்தப் பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. நூறு ஆண்டுகள் கழித்துத் திருவொற்றியூர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இராணுவத்திற்கென்று 350 சி.சி. புல்லட் வண்டிகள் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவாயின. எங்கள் மாமனார் (அல்லாஹ் அவர்கள் மீது கருணை புரிவானாக) அங்கே பிட்டராக இருந்தவர்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவர், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே டேப்பெட் இடைவெளியைச் சொல்வார்கள் என்று தெருவே பேசும்.

அவர்கள் தம் மகனைச் சிறுவயதில் சோழவரத்திற்கு அழைத்துச் செல்வார்கள். இளைய வாசகர்களுக்குச் சோழவரம் என்றால் ஏரி மட்டுமே தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே கைவிடப்பட்டுக் கிடந்தது. 1950-களிலிருந்து அதில் கார்ப் பந்தயமும் பைக் பந்தயமும் நடந்தன. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. வடசென்னையிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் போவார்களாம். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் வாப்பாவின் தோளில் அமர்ந்து பார்த்ததாகக் கணவர் சொல்வார்கள். பின்னர் அந்தக் கிளப் ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகப் பந்தயத் தளம் அமைத்தது. 1990-இல் அது திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படுகிறது. சென்னையைச் சேர்ந்த ஆர்.ஏ. அப்துல்லா பலமுறை தேசிய பைக் பந்தயச் சாம்பியனானவர். அவருடைய மகள் அலிஷா அப்துல்லாவும் பந்தய வீராங்கனை. ஆகவே இந்த விளையாட்டு நம் சமுதாயத்திற்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. சோழவரம் நின்றதும் பந்தயம் நகரத்தின் தென்மேற்குக்குச் சென்றது. எங்கள் பையன்களுக்கோ அருகிலேயே எண்ணூர்ச் சாலை கிடந்தது.

டிராக் பந்தயம் என்பது என்னவென்று அறியாதோருக்கு ஒரு சொல். அது சுற்றிச் சுற்றி ஓடுவதன்று. நேர்கோட்டில், நின்ற நிலையிலிருந்து, குறித்த தூரத்தை யார் முந்திக் கடக்கிறார் என்பது மட்டுமே. உலகில் கால் மைல், அதாவது 402 மீட்டர், என்ற அளவு புகழ்பெற்றது. நம் நாட்டின் தேசியப் போட்டிகளில் 302 மீட்டர் ஓடுகிறார்கள். பையன்கள் இரவில் விளையாடுவதும் இதே விளையாட்டுத்தான். அதனால்தான் ஆலிம் அவர்களிடமிருந்து திரும்பிய மறுவாரம் கணவர் ஒன்று கேட்டபோது உடனே மறுக்க முடியவில்லை.

"இருங்காட்டுக்கோட்டையில அமெச்சூர் ஆளுங்களுக்கு டிராக் மீட் வருது. சனி, ஞாயிறு. நான் பேர் கொடுக்கட்டுமா? கடைக்கு வர்ற பசங்க மூணு பேரையும் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா."

நாற்பத்தெட்டு வயது. முழங்காலில் வலி. சர்க்கரை வேறு. "ஏங்க, உங்களுக்கு இது தேவையா?" என்றோம். "பசங்ககிட்ட ரோட்டுல ஓட்டாதேன்னு சொல்றேன். எங்கடா ஓட்டுறதுன்னு கேட்டா எனக்கே தெரியாதே" என்றார்கள்.

மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் பெண் பந்தயத் திடலுக்குச் செல்வதா என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். நாமும் எண்ணினோம். எண்ணிவிட்டுக் கிதாபுகளைப் புரட்டினோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஆனால் இம்முறை படித்தபோது கண்ணில் பட்டது வேறு. பயிற்சி அளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. பயிற்சியளிக்கப்படாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. முன்னது ஐந்தாறு மைல், பின்னது ஏறக்குறைய ஒரு மைல் என்று அறிவிப்பாளர்கள் விளக்குகிறார்கள். தொடங்குமிடம் இன்னது, முடியுமிடம் இன்னது, இந்தக் குதிரைக்கு இவ்வளவு, அந்தக் குதிரைக்கு அவ்வளவு. அந்தப் போட்டியில் ஓடியவர்களுள் இப்னு உமரும் ஒருவர். அவருடைய குதிரை முந்தி வந்த வேகத்தில் அவரைச் சுமந்தபடியே பள்ளிவாசல் சுவரைத் தாண்டிப் பாய்ந்தது என்றும் அறிவிப்பு உண்டு. நிறுத்த இடம் இல்லாமற்போவது குதிரைக்கும் நேர்ந்திருக்கிறது!

பணத்தின் விஷயமும் உண்டு. எண்ணூரில் பையன்கள் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் வைத்து வென்றவன் எடுத்துக்கொள்வது ஐயத்திற்கு இடமற்ற சூதாட்டம். போட்டியிடாத மூன்றாமவர் பரிசு கொடுத்தால் அதன் சட்டம் வேறு. அமைப்பாளர்களிடம் கணவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். புதியவர்கள் பிரிவில் பணப் பரிசே இல்லை, கோப்பை மட்டும், நுழைவுக் கட்டணம் தளத்திற்கும் ஆம்புலன்ஸிற்கும் நேரக் கருவிக்கும் போகிறது என்றார்கள். கேட்டவருக்கு எங்கள் கேள்வி புதுமையாக இருந்திருக்கும்.

முஹர்ரம் மாதத்துச் சனிக்கிழமை. ஃபஜ்ரு தொழுதுவிட்டு, சிறிய சரக்கு வேன் ஒன்றில் ஆர்.எக்ஸ்.100-ஐக் கட்டி ஏற்றினோம். தார்ப்பாயை நீக்கியபோது அதை முதன்முறையாக முழுதாகப் பார்த்தோம். 98 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம், பதினொரு குதிரைத் திறன், நூறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. இன்றும் வடசென்னையில் அதன் பெயரைச் சொன்னால் நடுவயது ஆண்களின் முகம் மாறும். எலுமிச்சைச் சோறும் காசிமேட்டு நெத்திலி வறுவலும் கட்டிக்கொண்டோம். மகள்களை நாத்தனார் வீட்டில் விட்டோம். பூந்தமல்லி வழியாகச் செல்லும்போது, கஸ்ருத் தொழலாமா என்று பையன்களில் ஒருவன் கேட்டான். நாற்பது கிலோமீட்டருக்குக் கஸ்ரு இல்லையப்பா, லுஹரை முழுதாகத் தொழ வேண்டும் என்றோம். சற்று ஏமாற்றமடைந்தான்.

முதல் நாள் முழுவதும் சோதனைதான். இவ்வளவு சோதனை இருக்கும் என்று பையன்கள் நினைத்திருக்கவில்லை. முறுக்கிய ஆக்ஸிலரேட்டரை விட்டால் தானாகத் திரும்புகிறதா, சங்கிலிக்கு மறைப்பு உண்டா, அவசரத்தில் இயந்திரத்தை அணைக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா, ஆயில் அடைப்பானைக் கம்பியால் கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவன் விழுவான் என்பதற்காக அந்தக் கம்பிக் கட்டு. இருபத்தைந்து ஆண்டுப் பட்டறைக்காரரின் வண்டியை இருபத்தைந்து வயது அதிகாரி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். எங்கள் கணவருக்கு முகம் சிவந்தது. பையன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முகம் முழுதும் மூடும் ஹெல்மெட், கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், உடல் முழுதும் தோல் உடை. அந்தத் தோல் உடையை வாடகைக்கு எடுத்திருந்தோம். வயிற்றுப் பக்கம் ஜிப் மேலேறுவதற்கு மூவர் உதவி தேவைப்பட்டது.

கடலோரம் வாழ்கிறவர்களுக்கு அந்த வெயில் வேறு மாதிரியானது. உப்புக் காற்று இல்லை. கொதிக்கும் தார், 2டி ஆயில் புகை, ரப்பர் எரியும் நெடி. புர்காவுடன் அமர்ந்திருந்த எம்மை இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை. அடுத்த கூடாரத்தில் மகனை அழைத்து வந்திருந்த ஓர் அம்மையார் மோர் கொடுத்தார். கணவன்மாரும் மகன்மாரும் வேகமாகப் போகும்போது பெண்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசினோம். அவர் சக்கரங்களைப் பார்ப்பாராம். எம்முடைய கண் ஆம்புலன்ஸின் மீதே இருந்தது. அது இயந்திரத்தை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

மாலையில் தளத்தை நடந்து பார்க்க அனுமதித்தார்கள். தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை நடந்தோம். 302 மீட்டர் என்பது நடந்தால் சிறியது. எம் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு உள்ள தூரம்கூட இல்லை. கோட்டை அடைந்ததும் பையன்கள் திரும்பப் பார்த்தார்கள். கணவர் நிற்கவில்லை. தொடர்ந்து நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். கோட்டுக்கு அப்பாலும் சாலை போய்க்கொண்டே இருந்தது: அகலமாக, வெறுமையாக, ஒரு கல்லோ மணலோ இல்லாமல், இருபுறமும் தடுப்புகளுக்கு முன்னால் வெற்று நிலத்துடன். எம் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தோம். நானூறைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறியது.

"இது எதுக்குன்னு தெரியுதா?" என்று கணவர் பையன்களிடம் கேட்டார்கள். "ஓட்டம் அங்கேயே முடிஞ்சிடுச்சு. இது பூரா நிறுத்துறதுக்கு."

யாரும் பேசவில்லை. மருத்துவமனையில் அந்தப் பையன் சொன்ன சொல் எங்கள் ஐவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் வண்டி ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. கண் ஒன்றைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே அந்த ஒரு விநாடி ஆகிவிடும். பிறகுதான் நிற்கத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால் வண்டி சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். நிற்கத் தேவையான தூரமும் அந்தக் கணக்கில்தான் கூடும். டிரெய்லருக்கும் அவனுக்கும் இடையே எத்தனை மீட்டர் இருந்தது என்பதை யாரும் அளக்கவில்லை. எண்ணூர்ச் சாலையில் முடிவுக் கோடாக அவர்கள் வைத்திருந்தது ஒரு விளக்குக் கம்பம். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை ஓடுவதற்கு முன் நடந்து பார்த்தவர் எவரும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லலாமா என்று தயங்கினோம். சொல்லிவிடுகிறோம். திரும்பும்போது கணவர் பையன்களை முன்னால் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் சென்றதும், "என்ன, ஓடலாமா?" என்றார்கள். ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதல்முறை அன்னையார் வென்றதும், ஆண்டுகள் கழித்து உடல் கனத்த பின் நடந்த ஓட்டத்தில் நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது ஈடாயிற்று என்று சொன்னதும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. திருமண வயதுப் பெண்களுக்கு அதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். ஓடிப் பார்த்ததில்லை. வெயில் தாழ்ந்த அந்தத் தளத்தில் முப்பது அடி ஓடியிருப்போம். முழங்கால் வலிக்காரர் தோற்றார்கள். அதன் பிறகே அந்தப் பழைய வண்டியின் கோபம் எமக்கு முழுதும் தணிந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்து பச்சை வரும். பச்சைக்கு முன் அசைந்தால் சிவப்பு, ஓட்டம் செல்லாது. சனிக்கிழமைப் பயிற்சியில் கணவர் இரண்டு முறை சிவப்பு வாங்கினார்கள். ஞாயிறன்று பச்சைக்காகக் காத்திருந்து, மிகவும் காத்திருந்து, சவுகார்பேட்டையிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். பதினான்கு விநாடிக்குச் சற்று மேல். பெரிய வண்டிகள் அதே தூரத்தை எட்டு விநாடி அளவில் கடக்கின்றன. தேசிய டிராக் பட்டத்தைப் பலமுறை வென்ற பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா போன்றோர் ஓட்டும் ஹயபுஸா வகை வண்டி ஒன்று அன்று காட்சிக்காக ஓடியபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பையன்கள் கூச்சலிட்டார்கள். கணவர் கூச்சலிடவில்லை. வண்டி கோட்டைக் கடந்த பிறகு அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்பதற்கு ஓடியதைவிட அதிக நேரம் பிடித்தது.

லுஹரையும் அஸரையும் வேனின் நிழலில் ஜமாஅத்தாகத் தொழுதோம். சவுகார்பேட்டை இளைஞர், தாம் வென்றவர் இமாமாக நின்று தொழுவதைக் கண்டு, முடியும் வரை காத்திருந்து கைகொடுத்துச் சென்றார்.

மூன்று பையன்களில் இருவர் திரும்பும் வழியெல்லாம் அடுத்த போட்டிக்கு எப்படிப் பதிவு செய்வது, தோல் உடைக்கு எவ்வளவு ஆகும் என்றே பேசினார்கள். அவர்களுக்கு அது எளிய தொகை அன்று. கட்டணம், உடை, வேன் வாடகை எல்லாம் சேர்த்தால் மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டி உடைக்கும் ஒருவனின் ஒரு மாத ஊதியத்திற்கு மேல் ஆகிறது. எண்ணூர்ச் சாலைக்குக் கட்டணம் இல்லை. இதை மறைத்துவிட்டுப் பையன்களுக்கு உபதேசம் செய்வதில் பொருளில்லை. ஜமாஅத்துகள் கிரிக்கெட் போட்டிக்குக் கோப்பை கொடுக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு பையன்களின் பதிவுக் கட்டணத்தை ஏற்கலாமா என்று எங்கள் ஜமாஅத்தில் கேட்டிருக்கிறோம். ஆலோசித்துச் சொல்வதாகக் கூறியுள்ளார்கள்.

மூன்றாமவன் வேனில் பேசாமல் வந்தான். மாதவரம் அருகில் வந்தபோது சொன்னான்: "நல்லாத்தான் இருந்துச்சு உஸ்தாபி. ஆனா பயமே இல்ல. பயம் இல்லாம என்ன இருக்கு?"

அவனுக்குப் பதினேழு வயது. அவனுடைய பெற்றோரிடம் பேசினோம். சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. 2019 திருத்தத்திற்குப் பின், பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க முடியும். இதைச் சொன்னபோது தந்தை அதிர்ந்தார். சாவியை வாங்கிவைப்பதாகச் சொன்னார். தாய் எம்மைத் தனியே அழைத்து, "அவன் ஃபிரெண்டு வண்டியில போறான் உஸ்தாபி, எங்க வண்டியே இல்ல" என்றார்.

இப்போது பட்டறையில் இரவு வேலை இல்லை. வருமானம் குறைந்திருப்பது உண்மை; மூத்தவளின் கட்டணத்திற்குத் தவணை கேட்டிருக்கிறோம். காலை இழந்த பையன் செயற்கைக் காலுடன் மாலை நேரங்களில் வந்து முக்காலியில் அமர்ந்து கார்புரேட்டர் கழற்றப் பழகுகிறான். விரல்கள் நன்றாக இருக்கின்றன என்று கணவர் சொல்கிறார்கள். சென்ற மாதம் அந்தப் பதினேழு வயதுக்காரன் நண்பனின் வண்டியுடன் வந்து ஜெட் மாற்றித் தரக் கேட்டான். மறுத்தார்கள். முக்காலியில் இருந்தவன் எதுவும் சொல்லாமல் தன் பேண்ட்டின் கீழ்மடிப்பை மேலே சுருட்டிக் காட்டினான். வந்தவன் பார்த்தான். வண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். அங்கே அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

எங்கள் வீடு பெரிய சாலைக்கு மிக அருகில். சனிக்கிழமை இரவுகளில் ஒரு மணிக்கு மேல் சத்தம் கேட்கும். கணவர் விழித்துக்கொள்வார்கள். தம் வாப்பாவைப் போலவே ஓசையை வைத்து வண்டியைச் சொல்லிவிடுவார்கள்: இது இன்னாருடையது, இது ஜெட் பெரிதாக்கியது, இதோ மூன்றாவது கியர். சத்தம் வடக்கே எண்ணூர் நோக்கிச் சென்று மறையும். இரண்டு வண்டிகள். ஒளு செய்துவிட்டு வந்து தஹஜ்ஜுதுக்கு நிற்போம். ஸலாம் கொடுத்த பிறகும் எழாமல் முஸல்லாவிலேயே இருப்போம், தெற்கு நோக்கி இரண்டு சத்தங்கள் திரும்பி வரும் வரை.